ஒபானா கண்டது

ஹவாயின் ஓஹு தீவில், வடமுனைக்கு அண்மையில், கடலைப் பார்த்தபடி நிற்கிறது ஒபானா மேடு. 1941 நவம்பர் இறுதியில், லொறிகளில் ஏற்றிச் செல்லத்தக்க ராடார் ஒன்றை அமெரிக்கத் தரைப்படை அங்கே நிறுத்தியது.

டிசம்பர் 7, ஞாயிறு. லொக்கார்ட், எலியட் என்ற இரு சிப்பாய்களின் கடமை காலை ஏழு மணியோடு முடிந்தது. காலையுணவுக்கு ஏற்றிச் செல்லும் லொறி வரவில்லை. எலியட் பழகட்டும் என்று கருவியை அணைக்காது விட்டார்கள். லொறி நேரத்துக்கு வந்திருந்தால், நேயர்களே, இந்தக் கதையே இல்லை! 7.02க்குத் திரையில் பேரசைவு. வடக்கே 130 மைலுக்கும் அப்பால்.

அறிவிப்போம் என்று வற்புறுத்தித் தொலைபேசியை எடுத்தவர் எலியட். தகவல் நிலையத்திலிருந்த லெப்டினன்ட் டைலர், கலிபோர்னியாவிலிருந்து வரவேண்டிய சொந்த விமானங்களென எண்ணி, கவலை வேண்டாம் என்றார். 7.55க்குப் பேர்ள் துறைமுகத்தில் யப்பானியக் குண்டுகள் விழுந்தன. இறந்த அமெரிக்கர் 2,400க்கு மேல்.

டைலரைத் தூற்றுவது எளிது. ஆனால் அந்தப் பணியில் அவருக்கு அது இரண்டாம் முறையே. அவரோடிருந்தோர் ஏழு மணிக்கே கலைந்துவிட்டனர். 1940இல் பிரித்தானியருக்குக் கைகொடுத்தது ராடார் மட்டுமன்று, அது கண்டதை அக்கணமே சீர்தூக்கிய அறைகளுந்தான். ஒபானாவின் கண்ணுக்குப் பின்னே அப்படியோர் அறை இன்னும் உருவாகியிருக்கவில்லை.

ஒபானா 1994இல் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. லொக்கார்ட்டுக்கு 1942இலேயே உயர் பதக்கம் கிடைத்தது. எலியட்டுக்கு அது கிடைக்கவில்லை.