காவியத் தலைவன் (திரைப்படம்)

காவியத் தலைவன், பாட்டையே ஜீவனமாகக் கொண்ட நாடகக் கலைஞர்களின் காதலையும் அசூயையையும் கூறும் தமிழ்த் திரைப்படம். விருதுநகரைச் சேர்ந்த வசந்தபாலன் இயக்க, ஜெயமோகன் வசனம் எழுத, ஏ. ஆர். ரகுமான் இசையமைக்க, 2014 நவம்பர் 28 அன்று வெளிவந்தது.

சுதந்திரத்துக்கு முற்பட்ட காலத்தில், சிவதாஸ் சுவாமிகள் (நாசர்) நடத்தும் நாடக சபையில் காளியப்பனும் (சித்தார்த்) கோமதிநாயகமும் (பிருத்விராஜ்) உடன்பிறவாச் சகோதரர்களாக வளர்கின்றனர். பிரதான வேஷம் காளிக்கு வாய்த்ததும், சபையில் வந்து சேரும் பாடகி வடிவாம்பாள் (வேதிகா) அவனிடமே மனத்தைப் பறிகொடுத்ததும், கோமதியின் உள்ளத்தில் மூண்ட பொறாமையை வளர்த்து, முடிவில் நண்பனையே சுட்டுக் கொல்லும் பாதகத்தில் அவனைக் கொண்டு நிறுத்துகின்றன.

கதை கற்பனையே எனினும், சுவாமிகள் பாத்திரம் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளையும், காளியும் வடிவும் எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் தம்பதியரையும் நினைவூட்டுவன. 1926இல் இலங்கையில் சந்தித்து, மறு ஆண்டே மணம் புரிந்துகொண்ட அவ்விருவரும், சம்பாஷணையே சங்கீதமாக நிகழும் ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்களில் எதிரெதிரே நின்று பாடிப் பெரும் பிரசித்தி அடைந்தனர். 1933இல் கிட்டப்பா 27 வயதிலேயே காலமானபின், சுந்தராம்பாள் வெள்ளாடையே தரித்து வாழ்ந்தார்.

காளி மேடையைத் தேசபக்திக்கு அர்ப்பணிக்கும் பகுதியோடு ஒப்புநோக்கத்தக்க சரித்திரம் இயக்குநரின் சொந்த ஜில்லாவிலேயே உண்டு. தீப்பெட்டியும் பட்டாசும் சிவகாசிக்குப் பேர் தேடித் தருமுன்னர், 1886இல் அவ்வூரில் பிறந்த தியாகி விசுவநாத தாஸ், வெள்ளையரை வெள்ளைக் கொக்காக உருவகித்து மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய பாடலை முருகன் வேஷத்திலேயே பாடிப் பன்முறை சிறைசென்றார். 1940 டிசம்பர் 31 அன்று, சென்னையில், மயிலாசனத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே அவர் ஆவி பிரிந்தது.

வாலி, பா. விஜய், நா. முத்துக்குமார் ஆகியோரின் பாடல்களோடு அருணகிரிநாதரின் திருப்புகழும் படத்தில் இடம்பெறுகிறது. ஸ்ரீனிவாசும் சுவேதா மோகனும் பாடிய ‘யாருமில்லா’ இதன் காதற்பாடல்களில் பெரிதும் விரும்பப்படுவது. 2014ஆம் ஆண்டுக்கான தமிழக அரசின் சிறந்த நடிகர் விருது சித்தார்த்துக்கும், சிறந்த இசையமைப்பாளர் விருது ரகுமானுக்கும் இப்படத்துக்காகக் கிடைத்தன. நாடகக் கொட்டகையைக் கண்டறியாத தலைமுறைக்கு, தமிழ்த் திரையின் பாட்டும் காதலும் எந்த ஊற்றிலிருந்து பெருகி வந்தன என்பதை எடுத்துக்காட்டியதே இப்படத்தின் தலையாய பயன்.