பாட்டும் அடிக்குறிப்பும்

ஒரு பாடகரோ இசைக்குழுவோ பாடிய நூற்றுக்கணக்கான பாட்டுகளுள் புகழ்பெற்றவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து ஒன்றாகக் கோத்து விற்கும் வழக்கம் இசைத்தட்டு உலகில் மிகப் பழையதன்று. அரக்கினால் செய்த அந்நாளைய தட்டு ஒரு பக்கத்தில் மூன்று நிமிட அளவே பாடும். பக்கத்துக்கு ஒரு பாட்டு என்றால் தொகுப்புக்கு இடம் ஏது? 1948இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் நெடுநேரம் ஓடும் தட்டை வெளியிட்டது. அதன் பின்னரே பத்துப் பன்னிரண்டு பாட்டுகள் ஒரே தட்டில் குடியேற முடிந்தது. 1958இல் ஜானி மாத்திஸ் என்னும் பாடகரின் வெற்றிப் பாட்டுகளைத் திரட்டி ஒரு தட்டாக வெளியிட்டார்கள். அது 490 வாரங்கள் அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றது. வணிகர்களுக்கு வேறென்ன சான்று வேண்டும்? அன்று முதல் தொகுப்பில்லாத பாடகர் இல்லை என்றாயிற்று.

இத்தொகுப்புகளிடம் மக்களுக்கு இவ்வளவு பற்று ஏன்? சிக்கனம் ஒரு காரணம். ஆனால் அது சிறிய காரணமே. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வளர்ந்த ராக் இசையில் லினர்ட் ஸ்கினர்ட் என்று ஒரு குழு உண்டு. புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரத்துப் பிள்ளைகள் தொடங்கிய குழு அது. நீண்ட தலைமயிரைக் கண்டித்த உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரின் பெயரைத் திரித்தே அப்பிள்ளைகள் தம் குழுவுக்குச் சூட்டிக்கொண்டார்கள். (ஆசிரியத் தொழிலில் முடி நரைத்தவன் என்ற முறையில் எனக்கு இதில் சற்று வருத்தந்தான். ஆயினும் எங்களில் வேறு எவருக்கும் இத்துணைப் புகழ் வாய்த்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.) 1977 அக்டோபர் 20ஆம் நாள் அக்குழு சென்ற விமானம் மிசிசிப்பி மாநிலத்துக் காட்டில் விழுந்து நொறுங்கியது. முன்னணிப் பாடகர் ரானி வான் ஸான்ட் உட்பட அறுவர் மாண்டனர். 1979இல் அவர்களுடைய சிறந்த பாட்டுகள் இரண்டு தட்டுகளாகத் தொகுக்கப்பட்டு வெளிவந்தன. வாங்கியவர்கள் பாட்டை மட்டுமா வாங்கினார்கள்? இனிப் பாடாத ஒரு குரலையும் வாங்கினார்கள். நம்மவர் எம். கே. தியாகராஜ பாகவதர் 1959இல் மறைந்த பின், அவர் குரலைத் தட்டிலும் ஒலிநாடாவிலும் தேடித் தேடி வாங்கியவர்களுக்கு இந்த மனநிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் தொகுப்பு ஒன்றைத் தரும்போது மற்றொன்றை எடுத்துக்கொண்டு விடுகிறது. அதே குழுவினர் 1974இல் வெளியிட்ட அலபாமா மாநிலத்தைப் பற்றிய பாட்டு உலகெங்கும் பரவியது. அது உண்மையில் ஒரு மறுமொழி. நீல் யங் என்னும் கனடா நாட்டுப் பாடகர், தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளைத் தம் பாட்டுகளில் இடித்துரைத்தார். அதற்குத் தென்னாட்டு இளைஞர்கள் கூறிய விடையே இது. கேள்வியை நீக்கிவிட்டு விடையை மட்டும் தொகுப்பில் கேட்பவர்கள், ஊர்ப்பற்றைப் பாடும் இனிய பாட்டு என்று தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு அவ்வளவு தொலைவு போவானேன்? எங்கள் சேர்வராயன் மலையின் அடிவாரத்திலேயே இதனினும் நல்ல சான்று இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்குள் நுழையும் சாலையில், 1935இல் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. இப்போது அதன் பெயர் சொல்ல ஒரு வளைவு நிற்கிறது. அந்நிறுவனத்தின் ‘மந்திரி குமாரி’ 1950இல் வெளிவந்தது. எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்க, மு. கருணாநிதி உரையாடல் எழுத, ஜி. ராமநாதன் இசையமைத்தார். அதில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் சேர்ந்து பாடிய பாட்டை அறியாத தமிழர் இலர். ஜிக்கிக்கு அப்போது பதினைந்து வயது நிரம்பவில்லை. எந்தப் பழம்பாடல் தொகுப்பை எடுத்தாலும் அது இருக்கும். காதல் பாட்டுகளின் வரிசையிலே இருக்கும்.

படத்திலோ அது கொலைப் பாட்டு. ராஜகுருவின் மகன் பகலில் பிரபு, இரவில் கொள்ளைக்காரன். தன் மனைவியாகிய மந்திரி குமாரியைக் கனிந்த குரலில் அழைத்துக்கொண்டு மலையுச்சிக்குப் போகிறான். அவளைக் கீழே தள்ளிவிடுவது அவன் எண்ணம். அவள் அதை உணர்ந்து, சாகுமுன் கணவனை மும்முறை வலம்வர வேண்டும் என்று கேட்டு, பின்புறம் வந்தபோது அவனைத் தள்ளிவிடுகிறாள். இதை அறிந்து கேட்டால்தான் ராமநாதனின் திறம் விளங்கும். பாட்டின் இனிமையே அங்கே வஞ்சகத்தின் முகமூடி. கதையை உரித்து எடுத்த தொகுப்பில் முகமூடி மட்டும் மிஞ்சுகிறது.

நான் ஆசிரியப் பணி புரிந்த வாழவந்தியில், 1980களின் நடுவில், ஒரு திருமணப் பந்தலில் இப்பாட்டு ஒலித்தது. காப்பித் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் வெடுக்கென்று எழுந்து ரேடியோ செட்காரரிடம் போனார். “கல்யாண வீட்டில் போடுகிற பாட்டா இது? நிறுத்தப்பா” என்றார். “காதல் பாட்டு என்று உறையிலேயே போட்டிருக்கிறது, தாத்தா” என்று இளைஞர் கேசட்டின் உறையைக் காட்டினார். பெரியவர் சேலத்தில் அப்படத்தை வந்த புதிதிலேயே பார்த்தவர். “அவள் தள்ளிவிட்டது நியாயந்தான். ஆனால் மாப்பிள்ளை மாலையோடு உட்கார்ந்திருக்கும்போது அதைக் கேட்க வேண்டாம்” என்றார். பந்தலில் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு அவர் எதைச் சொல்கிறார் என்றே விளங்கவில்லை.

அன்பர்களே, அந்தக் காட்சி சினிமாவுக்கென்று புதிதாகப் பிறந்ததன்று. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசியின் கதை அது. வணிகன் மகள் பத்திரை, தான் காதலித்து மணந்த கள்வன் தன்னைக் கொல்ல மலைக்கு அழைத்துச் சென்றபோது, அவனை வலம்வந்து தள்ளினாள். பின்னர்ப் பௌத்தத் துறவியானாள். இக்காப்பியம் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவை பத்தொன்பது செய்யுட்கள். அவற்றைக் காத்துத் தந்தது எது? புறத்திரட்டு என்னும் தொகுப்பு நூல்! பெயர் தெரியாத ஒரு புலவர், தாம் கற்ற நூல்களிலிருந்து சிறந்த பாட்டுகளைப் பொறுக்கி, பொருள்வாரியாக அடுக்கி வைத்தார். அவர் அவ்வாறு செய்யாவிடில் அப்பத்தொன்பதும் இல்லை. ஆனால் அவர் எடுத்தவை பெரும்பாலும் நிலையாமையும் அறமும் கூறும் செய்யுட்கள். எவர் வாயிலும் பொருந்தி நிற்பவை. மலையுச்சிக் காட்சியை நாம் நீலகேசி உரையிலும் பாலி நூல்களிலும் தேடிக் காண வேண்டியதாயிற்று. ஒரே கதை இருமுறை தொகுப்பாளர் கையில் அகப்பட்டு, இருமுறையும் கதையை இழந்து இனிமையோடு வெளிவந்திருக்கிறது.

தொகுப்பென்றால் இவ்விழப்பு தவிராதோ எனில், அன்று. சங்கப் பாட்டுகளைத் தொகுத்த சான்றோர் இதை அறிந்திருந்தனர். உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில், பாட்டின் அடியில் திணையும் துறையும் பாடியவர் பெயரும் பாடப்பட்டவர் பெயரும் இருக்கும். பல இடங்களில், எந்நிலையில் பாடியது என்ற குறிப்பும் இருக்கும். மாணாக்கர்கள் தேர்வுக்காக இவற்றை மனப்பாடம் செய்து வெறுப்பார்கள். நான் அவர்களிடம் தொண்ணூற்றைந்தாம் பாட்டை, குறிப்பை மறைத்து, முதலில் படிக்கச் சொல்வது வழக்கம். பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிப் பளபளக்கும் படைக்கலங்கள் காவல் மிக்க மனையில் இருக்கின்றன. மற்றொருவனுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவையார் பாடுகிறார். எவன் பெரியவன் என்று கேட்டால், பளபளக்கும் படையுடையவன் என்று பிள்ளைகள் தயங்காமல் சொல்வார்கள். பிறகு குறிப்பைக் காட்டுவேன். எங்கள் மலைக்கு வடக்கே தகடூரை ஆண்ட அதியமானின் தூதராகச் சென்ற ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலச் சாலையைக் காட்டியபோது பாடியது அது. புகழ்ச்சி அத்தனையும் இகழ்ச்சியாக மாறுவதைப் பிள்ளைகளின் முகத்திலேயே காணலாம். போரே காணாத படை அல்லவா பளபளக்கும்! பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. குறிப்பு ஒன்றே வந்து சேர்ந்தது.

இசைத்தட்டுக் காலத்தில் அக்குறிப்பை வழங்கியவர் வானொலி அறிவிப்பாளர் எனலாம். படத்தின் பெயர், இயற்றியவர், இசை, பாடியவர் என்று அவர் நிதானமாகச் சொல்லிவிட்டே தட்டைச் சுழல விடுவார். இலங்கை வானொலியையும், 1957இல் தோன்றிய விவித பாரதியையும் கேட்டு வளர்ந்தவர்கள் பாட்டோடு சேர்த்து அப்பெயர்களையும் நெட்டுருப் போட்டார்கள். பின்பு ஒலிநாடா வந்தது. உறையில் முதலடியும் படப்பெயரும் மிஞ்சின. 2017இல் ஐயாயிரம் பாட்டுகளை உள்ளடக்கிய கேரவான் என்னும் பெட்டி வந்தது. பொத்தானை அழுத்தினால் பாட்டுக்குப் பின் பாட்டு. அதை வாங்கிய முதியோரின் மகிழ்ச்சியை நான் குறை கூற மாட்டேன். என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. நாள்தோறும் காலையில் பாடுகிறது.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் பெரியோர் விரும்பிக் கேட்கும் பாட்டு ஒன்றுக்குப் புறநானூற்று முறையில் அடிக்குறிப்பு எழுதி வர வேண்டும். படம், ஆண்டு, பாடியவர், எந்நிலையில் பாடியது என்பவை இருக்க வேண்டும். ஒரு கோடு போட்ட நோட்டில் அவற்றைச் சேர்த்து எழுதச் செய்தேன். மந்திரி குமாரிப் பாட்டுக்கு ஒரு சிறுவன், “கணவன் மனைவியைக் கொல்லப் போகும்போது அன்புடையவன்போல் பாடியது” என்று எழுதினான். உரையாசிரியர் எவரும் இதைத் திருத்த மாட்டார்.

அந்நோட்டின் கடைசிப் பக்கத்தில், மலைக்கிராமம் ஒன்றிலிருந்து நடந்து வரும் ஒரு சிறுமி எழுதிய குறிப்பு இருக்கிறது. படம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தாள். பாடியவர், என் பாட்டி. சாமை அறுக்கும்போது, வரப்பின் அந்தப் பக்கம் நின்ற தங்கைக்குப் பதிலாகப் பாடியது. பாட்டைக் கைபேசியில் பதிந்துகொண்டு வரும்படி அவளிடம் சொன்னேன். அடுத்த அறுவடைக்குள் பாட்டி காலமாகிவிட்டார். குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது.