தேதி போனால் வெறும் காகிதம்

"கொஞ்சம் லேட்டாகிப் போச்சு, அதனால என்ன?" என்று கேட்பவர்களைச் சிவகாசியில் ஒரு வருடமாவது வேலைக்கு விட வேண்டும். இங்கே செய்கிற சரக்கில் பாதி, தேதியோடு பிறப்பது. தீபாவளிக்கு மறுநாள் வந்து சேரும் பட்டாசுப் பெட்டியை எந்தக் கடைக்காரர் இறக்கிக்கொள்வார்? பிப்ரவரியில் வரும் தினசரி காலண்டரில் ஒரு மாதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டல்லவா ஆணியில் மாட்ட வேண்டும்!

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை நம் வயதுக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளால் அச்சுத்தொழில் வளர்ந்தது, அச்சுத்தொழிலோடு காலண்டரும் வந்தது. தீப்பெட்டி பிந்தினால் அடுத்த வாரம் விற்றுக்கொள்ளலாம். காலண்டருக்கு அந்தச் சலுகை கிடையாது.

அதனால்தான் ஆடிப்பெருக்கு அன்றே பூஜை போட்டு அடுத்த வருடத்து ஆல்பத்தை வெளியிட்டுவிடுகிறார்கள். ஜனவரிக்கு அப்போது ஐந்து மாதம் இருக்கும். நல்ல நாள் பார்ப்பது ஒரு பக்கம். எனக்கென்னவோ அதில் ஒரு கணக்கும் தெரிகிறது. இடையில் தீபாவளி வரும், லாரி கிடைக்காது. ஐப்பசி கார்த்திகை மழையில் காகிதம் ஈரம் கோக்கும், மை காயாது. இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் அந்த ஐந்து மாதம் தாராளம் ஒன்றும் இல்லை.

அச்சகத்தில் ஆர்டர் பிரிவில் இருந்தபோது இரண்டு விதமான ஏஜென்ட்களைப் பார்த்தேன். ஒருவர் கடைப்பெயர்ப் பட்டியலை "நாளைக்கு வந்துரும்" என்றே மூன்று வாரம் ஓட்டுவார். அட்வான்ஸும் அப்படித்தான் வரும். தென்காசிப் பக்கத்துக்காரர் இன்னொருவர். அவருக்கும் பட்டியல் பிந்தும். ஆனால் பத்து நாள் முன்னதாகவே, ஒரு வாரம் தள்ளும் என்று கார்டு போட்டுவிடுவார். நாங்கள் அந்த இடைவெளியில் வேறு ஆர்டரை மெஷினில் ஏற்றிக்கொள்வோம். இரண்டு பேரும் தாமதக்காரர்கள்தான். முதலாளி கடன் கொடுத்தது இரண்டாமவருக்கு மட்டும். முதல் ஆள் நேரம் தவறியதுகூடப் பெரிதில்லை. தன்னால் எத்தனை பேர் காத்துக் கிடக்கிறார்கள் என்று அவர் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அவரை நம்பிக் கடைக்காரர், கடைக்காரரை நம்பி வாடிக்கையாளர் என்று அது எங்கேயோ போய் முடியும்.

சொன்ன சொல் விஷயத்தில் விருதுநகர் நமக்கு மூத்த ஊர். அது விருதுபட்டியாக இருந்த 1885-ல் சத்திரிய வித்யாசாலை தொடங்கியது. அந்தப் பள்ளியை நடத்தப் பிடியரிசித் திட்டம் கைகொடுத்தது. சமையலுக்கு அரிசி எடுக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு பிடி தனியே போட்டு வைப்பார்கள். அதைச் சேகரித்து விற்ற பணம் பள்ளிக்கு. ஒரு பிடியை ஒரு நாள் போடாவிட்டால் யாருக்குத் தெரியும்? பானையை எட்டிப் பார்த்துக் கணக்குக் கேட்க ஆள் கிடையாது. "நாளைக்குச் சேர்த்துப் போட்டுக்கலாம்" என்று எல்லா வீட்டிலும் நினைத்திருந்தால் பள்ளி என்ன ஆகியிருக்கும்? ஊர்ப் பெரியவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பெண்களை ஒரு வரியில் தாண்டிவிடுவது எனக்கு வருத்தம்தான்.

காமராஜ் படித்தது அந்தப் பள்ளியில். 1940 கடைசியில் தனிநபர் சத்தியாக்கிரகச் சமயத்தில் கைதாகி அவர் வேலூர்ச் சிறையில் இருந்தபோது, விருதுநகர் நகராட்சி அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1941 நவம்பரில் விடுதலையானார். சொந்த ஊர் கொடுத்த நாற்காலி. வைத்துக்கொண்டே கட்சி வேலையும் பார்த்திருக்கலாம், அப்படிச் செய்தவர்கள் உண்டு. முழுதாகச் செய்ய முடியாத பதவியை ஏற்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ராஜினாமா செய்துவிட்டார்.

1942 ஆகஸ்டில் மறுபடியும் சிறை. வெளியே வர 1945 ஆகிவிட்டது. அதுவரை அவருக்காக நகராட்சியில் எந்தக் கோப்பும் கையெழுத்துக்குக் காத்துக் கிடக்கவில்லை.