படைக்கு அளந்த உடல்கள்

போர்க்களத்தில் வீழ்ந்த வீரனைப் பாடாத மொழியில்லை. படைவாயிலிலேயே 'தகுதியற்றவன்' எனத் திருப்பி அனுப்பப்பெற்ற இளைஞனைப் பாடியவர் மிகச் சிலரே. ஆயினும் இங்கிலாந்தின் சமூக வரலாற்றில் அவனுக்குத் தனியிடம் உண்டு.

1899ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. ஆலை நகரமாகிய மான்செஸ்டரில் படையில் சேர முன்வந்தோர் ஏறத்தாழ 11,000 பேர். அவருள் 8,000 பேர் உடற்குறையால் தள்ளப்பெற்றனர் என்று அக்கால ஏடுகள் எழுதின. சேர விரும்பும் ஐவருள் இருவரே ஈராண்டுக்குப் பின்னும் பயன்படும் வீரராக எஞ்சுகின்றனர் என்று 1902இல் படைத்தலைவர் பிரடரிக் மாரிஸ் எழுதினார். ஒடுங்கிய மார்பு, மங்கிய பார்வை, சொத்தைப் பல் ஆகியவையே இளைஞர் பலர் மீது சுமத்தப்பெற்ற குற்றங்கள்.

'இனமே சீரழிகின்றதோ' என ஆளுவோர் அஞ்சினர். அதனை ஆராய அமைந்த குழு 1904இல் அறிக்கை தந்தது. பரம்பரைச் சீரழிவுக்குச் சான்றில்லை. வறுமையும் நெருக்கடியான குடியிருப்பும் போதாத உணவுமே உடலைக் குலைக்கின்றன என்பது அதன் முடிவு. பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்க உள்ளாட்சிகளுக்கு உரிமை தரும் சட்டம் 1906இலும், பள்ளிகளில் மருத்துவச் சோதனையைக் கட்டாயமாக்கும் சட்டம் 1907இலும் நிறைவேறின.

இங்கு நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். அப்பசி புதியதன்று. பிராட்போர்டு நகரில் மார்கரெட் மக்மில்லன் 1890களிலேயே ஏழைப் பிள்ளைகளின் உடல்நலத்திற்காக வாதாடினார். யார்க் நகர மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் வறுமையில் உழல்வதை 1901இல் ரவுன்ட்ரி கணக்கிட்டுக் காட்டினார். எனினும், படைக்கு ஆள் குறைந்த பின்னரே அரசின் செவி முழுதாகத் திறந்தது.

முதல் உலகப் போரில் அளவுகோலே தாழ்ந்தது. ஐந்தடி மூன்றங்குலத்திற்குக் குறைந்தோரைச் சேர்க்க, 1914இன் இறுதியில் 'பாண்டம்' படையணிகள் தோன்றின. பாண்டம் என்பது சிறு கோழியினத்தின் பெயர். அத்தகைய அணியொன்றில் 1915இல் சேர்ந்தவர் கவிஞர் ஐசக் ரோசன்பர்க். கிழக்கு இலண்டனின் ஏழ்மையில் வளர்ந்தவர், குள்ள உருவினர், நுரையீரல் நலிந்தவர். போரை வெறுத்த அவர், தாய்க்கு உதவித்தொகை கிட்டும் என்பதற்காகவே படைக்குச் சென்றார். 1918 ஏப்ரல் முதல் நாள் களத்தில் மாண்டார். வறுமை குறுக்கிய உடலை முதலில் வேண்டாமென்ற படை, தேவை வந்தபோது அதனையும் ஏற்றுக்கொண்டது.

1917-18இல் நடந்த ஏறத்தாழ 24 இலட்சம் மருத்துவச் சோதனைகளில், முழுத்தகுதி பெற்றோர் நூற்றுக்கு 36 பேரே. நலமுள்ளோர் பலர் முன்பே களம் சென்றிருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. அதே மான்செஸ்டரில் 1918 செப்டம்பரில் பேசிய தலைமையமைச்சர் லாயிட் ஜார்ஜ், நலிந்த மக்களைக் கொண்டு வலிய பேரரசைத் தாங்க இயலாது என்றார். அப்போதும் அளவுகோல் பேரரசின் கையில்தான் இருந்தது.

பிள்ளைகளின் தட்டில் சோறு விழுந்தது நன்றே. அது நாளைய வீரனுக்காக விழுந்தது என்பதே நெஞ்சை உறுத்துகிறது. பசித்த பிள்ளையைப் பிள்ளையாகவே காணும் கண் அரசுக்கு வாய்ப்பதற்கு முன்னரே கவிஞனுக்கு வாய்த்தல் வேண்டும்.