சீலோவாவின் சிற்றோடை

எகிப்தை நைல் வளர்த்தது. பாபிலோனை ஐபிராத்து வளர்த்தது. எருசலேம் நகருக்கோ அத்தகைய ஆறு ஒன்றும் இல்லை. மலைச்சரிவில் சுரந்த கீகோன் என்னும் ஊற்றே அதன் உயிர்நிலையாய் இருந்தது. விவிலியத்தின் தீர்க்கதரிசிகள் நீரை அடையாளமாகக் கொண்டு பேசிய இடங்களை ஆராய்வோர் இதனை முதற்கண் நினைவிற் கொள்ளல் வேண்டும். அவர்கள் சுட்டிய நீர் வெறுங் கற்பனை அன்று. அந்நகர மக்கள் நாள்தோறும் முகந்த நீரே.

கி.மு. 735ஆம் ஆண்டையொட்டிச் சிரியாவும் வடநாடாகிய இஸ்ரவேலும் கூடி யூதாவை நெருக்கின. அஞ்சிய யூதா மன்னன் ஆகாஸ் அசீரியப் பேரரசின் துணையை நாடினான். கீகோனிலிருந்து கால்வாய் வழியே மெல்லச் சென்ற நீருக்குச் சீலோவா என்பது பெயர். அச்சிற்றோடையைப் புறக்கணித்தோர்மேல் ஐபிராத்து கரைபுரண்டு வரும், யூதாவின் கழுத்தளவுக்கு ஏறும் என்று ஏசாயா எச்சரித்தார். சிற்றோடை ஆரவாரமற்ற இறைக்காவலையும், பேராறு அசீரியப் படைவலியையும் குறித்தன. துணைக்கு அழைத்த வெள்ளமே வீட்டுக்குள் புகும் என்பது கருத்து.

அவ்வெள்ளம் வந்தே விட்டது. கி.மு. 701இல் அசீரிய வேந்தன் சனகெரிப் யூதாவின் அரண்மிக்க ஊர்களைக் கைப்பற்றி எருசலேமையும் நெருங்கினான். ஆகாஸின் மகன் எசேக்கியா ஊற்றுநீரைப் பகைவர்க்கு எட்டாதவாறு மதிலுக்குள் திருப்பினான் என விவிலியம் கூறும். பாறையைக் குடைந்து ஏறத்தாழ 533 மீட்டர் நீளத்திற்கு அமைந்த சுரங்கம் அவன் செய்வித்தது என்பர் ஆய்வாளர் பலர். இருமுனையிலிருந்தும் குடைந்து வந்த தொழிலாளர், ஒருவர் குரலை ஒருவர் கேட்டு நடுவே சந்தித்த செய்தியைக் கூறும் கல்வெட்டு 1880இல் அங்குக் கண்டெடுக்கப்பட்டது. அஃது இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. எனினும், குளத்தை அமைத்தோர் அதனை ஆக்கிய முதல்வனை நோக்கவில்லையே என்று ஏசாயா வருந்தினார். நீரைக் காத்தல் ஒன்று. நம்பிக்கையைக் காத்தல் மற்றொன்று.

கி.மு. 587ஐ ஒட்டி நகரமும் கோயிலும் அழிந்தன. பாபிலோனில் சிறைப்பட்டிருந்த எசேக்கியேல், நகர் வீழ்ந்த 14ஆம் ஆண்டில் ஒரு காட்சி கண்டார். இல்லாதொழிந்த கோயிலின் வாயிற்படியிலிருந்து நீர் கசிகிறது. ஆயிரம் முழத்திற்கு ஒருமுறை அளக்க, அது கணுக்கால், முழங்கால், இடுப்பு என ஏறி, நான்காம் அளவில் நடந்து கடக்கவியலாப் பேராறாகிறது. மீன் வாழாத உப்புக்கடலை அது நன்னீராக்குகிறது. எங்கேதிக் கரையில் வலைகள் உலர்கின்றன. ஆயினும் சதுப்பு நிலங்கள் உப்புக்கென்றே விடப்படுகின்றன. உப்பும் வாழ்வுக்கு வேண்டுவதன்றோ!

இங்கே ஏசாயாவின் உவமை தலைகீழாய் மாறிற்று. அன்று பேராறு பகைவனைக் குறித்தது. இன்று சிற்றூற்றே பேராறாகி, அழிப்பதற்கு மாறாக நலம் தருகிறது.

பிற்காலத்தில் கூடாரப் பண்டிகையின்போது குருக்கள் சீலோவாம் குளத்து நீரைப் பொற்குடத்தில் முகந்து பலிபீடத்தில் வார்த்தனர். அப்பண்டிகையின் இறுதி நாளிலேயே இயேசு, தாகமுள்ளோரைத் தம்மிடம் அழைத்தார் என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. ஓடும் நீர் அங்கே தூய ஆவியைக் குறித்தது. அக்காலத்துக் குளத்தின் படிக்கட்டுகள் 2004இல் வெளிப்பட்டன.

ஆறில்லா ஊரார் கண்ட ஆறு இது. வலிமை எப்பொழுதும் பெருவெள்ளமாகவே வரும் என எண்ணுவோர்க்கு, மெல்ல ஓடும் நீரைக் காட்டியதே அத்தீர்க்கதரிசிகளின் தனிச்சிறப்பாகும்.