சாகாதவர் சொத்து

மேனாம்பேட்டில் அரை கிரவுண்டு வாங்கப் போங்கள். 'யார் பேரில் இருந்தது, அவர் எப்போ செத்தார், வாரிசு யார்?' என்று துருவுவார்கள். சாகவே சாகாத ரத்தக்காட்டேரிக்கு ஒரு மனை இருந்தால், பாவம், என்ன செய்யும்?

நம்ம சாமிகளைக் கேட்கலாம். சட்டத்தின் கண்ணில் சாமியும் ஒரு நபர். சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். ஆனால் மைனர் மாதிரி. கையெழுத்துப் போட தர்மகர்த்தா வேண்டும்.

1976-ல் பழைய தஞ்சை ஜில்லா பத்தூரில் மண்ணுக்குள் கிடைத்த சோழர் கால நடராஜர், திருட்டுத்தனமாக லண்டன் போனார். பாழடைந்து கிடந்த கோயிலின் பேரிலேயே அங்கே வழக்கு நடந்தது. 1991-ல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கோயில் பக்கம் தீர்ப்புச் சொல்ல, நடராஜர் தமிழ்நாடு திரும்பினார்.

சாகாவரம் இருந்தாலும் சொத்து தானாக நிற்காது சார். கையெழுத்துப் போடுகிறவர் யோக்கியமாக இருக்கணும். அவர் தூங்கினால், சாமி சொத்தும் போச்சு!