ஆன்டெனா சித்தப்பாவும் ஒரு சர்டிஃபிகேட்டும்

ரொம்ப நாளாச்சு மக்கா பதிவு போட்டு. ஆபீஸ்ல க்ளவுட் சர்டிஃபிகேட்டைப் புதுப்பிக்கச் சொல்லி உயிரை எடுத்துட்டாங்க. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை 'எனக்கு இந்த வேலை தெரியும் சாமி'ன்னு நிரூபிக்கணும். அந்தக் கடுப்புல உக்காந்திருந்தப்பதான் அறந்தாங்கி சித்தப்பா ஞாபகம் வந்தது. அதான் இந்தக் கொசுவத்தி.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல ஆரம்பிச்சது. ஆனா எங்க புதுக்கோட்டைப் பக்கத்துக்கு அது எட்டல. 1982 பிப்ரவரியில இலங்கையில ரூபவாஹினி வந்தது. கோட்டைப்பட்டினம், மணமேல்குடி, அறந்தாங்கின்னு எங்க பக்கத்து ஊர்கள்ல எல்லாம் நீளமான குழாயை நட்டு, ஆன்டெனாவைத் தெற்கே திருப்பி, கொஞ்சம் கிழக்கே சாய்ச்சா இலங்கைப் படம் தெரியும். காத்தில்லாத ராத்திரியில நல்லாவே தெரியும். எட்டாங்கிளாஸோட நின்ன சித்தப்பா 1983-ல, பதினேழு வயசுல, இந்தக் குழாயைத் தூக்க ஆரம்பிச்சார். கீழே டிவி முன்னாடி ஒருத்தர் "வருது, வருது, போச்சு!"ன்னு கத்துவார். அதைக் கேட்டு மேலே இவர் திருப்புவார். அவருக்குக் கிடைச்ச சிக்னல் மீட்டர் அவ்வளவுதான் :-)

படிச்சுட்டு வந்திருக்கலாமேன்னு கேப்பீங்க. 1950-லேயே கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தாச்சு, ஐடிஐ-க்கள் அதுல வந்ததுதான். வயர்மேன் பிரிவுக்கு எட்டாவது போதும். ஆனா வீட்ல நாலு தம்பி தங்கச்சி. ரெண்டு வருஷம் காசு வராம உக்கார முடியாதுன்னு சித்தப்பா போகல.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 1956-ன் இந்திய மின்சார விதிகள்ல 45-வது விதியைப் படிச்சுப் பாருங்க. மின் நிறுவல் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் எடுக்கணும், தகுதிச் சான்றிதழ் உள்ளவர் மேற்பார்வையிலதான் செய்யணும். ஆனா பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச், வீட்டு உபயோகப் பொருள் மாதிரியானதை மாத்தி மாட்டறதுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்குக்குள்ளதான் எங்க சித்தப்பா மாதிரி ஆளுங்களோட மொத்த வாழ்க்கையும் ஓடிச்சு. தப்புன்னு யாரும் தடுக்கல, சரின்னு யாரும் எழுதியும் குடுக்கல. அவரோட கூட்டாளி ஒருத்தர் தூக்கின குழாய் மின்கம்பியில பட்டு மாடியிலேயே போய்ட்டார். அப்ப எனக்குப் பிறப்பே இல்ல. சித்தப்பா இன்னைக்கும் எந்த மாடியில ஏறினாலும் முதல்ல கம்பி எங்க போகுதுன்னுதான் பாப்பார்.

1993-ல சன் டிவி, அப்புறம் கேபிள். 2004 டிசம்பர்ல தூர்தர்ஷனோட டிடி டைரக்ட் ப்ளஸ். 2006-ல அரசு இலவசக் கலர் டிவி குடுத்தப்ப நான் மூணாங்கிளாஸ். சித்தப்பாவுக்கு சாப்பிட நேரமில்ல. அப்புறம் குடை மாதிரி டிஷ், அதுக்கப்புறம் சிசிடிவி.

அமெரிக்காவுல வீட்டு எலக்ட்ரானிக்ஸ் பொருத்தறவங்க 1989-லேயே செடியான்னு சங்கம் வச்சுட்டாங்க. பயிற்சி, சான்றிதழ் எல்லாம் அவங்களே பாத்துக்கறாங்க. இங்க 2007-ல மத்திய அரசு கொண்டுவந்த திறன் மேம்பாட்டுத் திட்டத்துலதான், ஏற்கெனவே வேலை தெரிஞ்சவங்களை நேரடியா சோதிச்சு சான்று தர வழி வந்தது. 2013 டிசம்பர்ல தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு. 2015 ஜூலை 15-ல பிரதமரின் கௌஷல் விகாஸ் யோஜனா. அதுக்குள்ள 'முன்கற்றலை அங்கீகரித்தல்'னு ஒரு பிரிவு. எலக்ட்ரானிக்ஸ் துறைத் திறன் கவுன்சில் பட்டியல்ல செட்டாப் பாக்ஸ் பொருத்தறவர், சிசிடிவி பொருத்தறவர்னு தனித்தனி வேலைப் பேர். பன்னிரண்டு மணி நேர வகுப்பு, அப்புறம் தேர்வு.

சித்தப்பா போனது 2019-ல. கஜா புயல் (2018 நவம்பர் 16) மொத்த ஊரையும் புரட்டிப் போட்ட அடுத்த வருஷம். புயலுக்கப்புறம் கரண்ட் வராத நாள்கள்ல ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து வீட்டு லைன்ல அப்படியே சொருகச் சொல்லி நாலு பேர் அவரைக் கூப்பிட்டாங்க. "மெயினை இறக்காம சொருகினா, போஸ்ட் மேல இருக்கிற லைன்மேன் செத்துருவாருய்யா"ன்னு சண்டை போட்டுட்டு வந்துட்டார். ஒரு வீட்ல "நீ என்ன படிச்ச எலக்ட்ரீஷியனா?"ன்னு கேட்டிருக்காங்க. அந்த வார்த்தைதான் அவரை வகுப்புக்கு அனுப்பிச்சு.

தேர்வு டேப்லெட்ல. சித்தப்பா எழுத்துக் கூட்டிப் படிக்கறதைப் பாத்து, சோதிக்க வந்த பையன் கேள்வியை வாசிச்சுக் காட்டினானாம். டிஷ்ஷைத் திருப்பற கேள்விக்கு அவர் சொன்ன பதிலை அந்தப் பையன் தன் நோட்ல எழுதிக்கிட்டான்னு சித்தப்பா சொல்றார். கொஞ்சம் மசாலா இருக்கலாம் :-) ஆனா ஒண்ணு உண்மை. இடுப்பு பெல்ட் கட்டித்தான் ஏறணும்னு முப்பத்தாறு வருஷத்துல முதல்முறையா அங்கதான் அவருக்கு ஒருத்தர் சொல்லியிருக்கார். அடுத்த வாரமே வாங்கிட்டார்.

காசு? பழைய ரேட்தான். அவர் வேலை செஞ்ச ஏஜென்சிக்காரர் சர்டிஃபிகேட்டைப் பாத்து "நல்லாயிருக்கு"ன்னு திருப்பிக் குடுத்துட்டார். வயரிங் வேலைக்கும் அது செல்லாது. அதுக்குத் தமிழ்நாடு அரசோட மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு தனி. 21 வயசு ஆகியிருக்கணும், அஞ்சு வருஷம் வயரிங் அனுபவம் வேணும். வயசுக்கு மேல் வரம்பு கிடையாது.

போன மாசம் ஊருக்குப் போனப்ப அந்த விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொன்னார். பேர், முகவரி எல்லாம் எழுதிட்டேன். அனுபவச் சான்றுக்கு வந்ததும் நின்னுட்டோம். அவரை வருஷக்கணக்கா வயரிங்குக்குக் கூட்டிட்டுப் போன கான்ட்ராக்டர், "பேப்பர்ல எல்லாம் எழுதித் தர முடியாதுப்பா"ன்னுட்டாராம். சித்தப்பா மறுபடி ஒரு தடவை கேட்டுப் பாக்கறேன்னு சொல்லி, பெல்ட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு சைக்கிளை எடுத்தார். விண்ணப்பம் இப்ப என் பையிலதான் இருக்கு.